சான்றிதழில் இருக்கும் பெயர்

மரக்காணத்து உப்பளத்தில் உப்பு சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு பெயர்கள். தேவாலயத்தில் ஒன்று, வட்டாட்சியர் அலுவலகக் காகிதத்தில் மற்றொன்று. அவருடைய மகள் என் மாணவி. உதவித்தொகைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா பேரு எதைப் போடட்டும் மேடம்?” என்று கேட்டாள். சுற்றியிருந்த பெண்கள் யாரும் வியப்படையவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது.

இந்த ரகசியத்தின் வேர் 1950இல் இருக்கிறது. அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்து மதத்தோடு சேர்த்துக் கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவராகும் ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்கிறார். தலைக்கூடையும் உப்பில் வெடித்த பாதமும் ஊருக்கு வெளியே இருக்கும் தெருவும் அப்படியே இருக்கின்றன.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவினார்கள், நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, மத சகிப்பின்மையை ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் வகுப்பில் இரண்டையும் நான் சேர்த்தே சொல்வேன். 1986இல் இதைக் கண்காணிக்க ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவி உருவானது. அரசு அழைத்தால்தான் அவர் ஒரு நாட்டுக்கு வரமுடியும். பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது.

2004 முதல் 2010 வரை அந்தப் பதவியில் இருந்தவர் பாகிஸ்தான் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர். தந்தையின் சம்மதமின்றி மணம்புரிந்த ஓர் இளம்பெண்ணுக்காக லாகூர் உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர். 1997இல் அந்தத் திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2008 மார்ச்சில் அவர் இந்தியா வந்தார். ஒடிசாவின் கந்தமாலில் முந்தைய டிசம்பரில்தான் தேவாலயங்களும் வீடுகளும் எரிந்திருந்தன. அங்கே தாக்கப்பட்டவர்களில் பலர் பாணர் சாதியைச் சேர்ந்த தலித் கிறித்தவர்கள். மதம் மாறியதால் பட்டியல் சாதித் தகுதியை இழந்தவர்கள். பழங்குடித் தகுதி கேட்டது பகையை மூட்டிய காரணங்களுள் ஒன்று. இங்கே படிவத்தில் தயங்கும் பேனா அங்கே தீயாகியிருந்தது. ஆகஸ்ட்டில் கந்தமால் மறுபடி எரிந்தது. 2009இல் வெளிவந்த அஸ்மாவின் அறிக்கை, மதம் மாறிய தலித்துகளுக்கு இடஒதுக்கீட்டுத் தகுதியைத் திருப்பித் தரச் சொன்னது. மதமாற்றத் தடைச் சட்டங்கள் குறித்தும் கவலை தெரிவித்தது.

அப்படியொரு சட்டம் நம்மிடமும் இருந்தது. 2002 அக்டோபரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்டாய மதமாற்றத்துக்கு மூன்றாண்டு சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் வரை. மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம் வரை. நாற்பது வயதுப் பெண்ணும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே வரியில்! பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். தன் கடவுளைத் தானே தேர்ந்தெடுக்கும் அறிவு பெண்ணுக்கு இருக்காது என்ற எண்ணமே அந்த வரியை எழுதியது என்று நான் நினைக்கிறேன். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

மரக்காணமும் எரிந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போனவர்கள் கடந்த வழியில் மோதல் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. அது மதக் கலவரம் அல்ல, சாதிக் கலவரம். மத சகிப்பின்மையை எண்ணுகிறவர்களின் கணக்கில் அதற்கு இடமில்லை. இனப்பாகுபாட்டை ஆராயும் ஐ.நா. குழுவிடமோ, சாதி என்பது இனம் அல்ல என்று இந்திய அரசு வாதிட்டுவந்தது. எரிந்த வீட்டுக்காரி எந்தக் கதவைத் தட்டுவாள்?

என் மாணவி கடைசியில் சான்றிதழில் இருந்த பெயரையே எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். அம்மாவின் கையொப்பம் வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வாங்கிவரலாமா என்று கேட்டாள். உப்பு வாரிவாரி ரேகை சரியாக விழாது என்றும் சொன்னாள்.