அரண்மனை இடிந்தது, லாயம் நின்றது

1985இல் வந்த 'எ வியூ டு எ கில்' ஜேம்ஸ் பாண்டு படம் பார்த்தவர்களுக்கு வில்லனின் குதிரை லாயம் ஞாபகம் இருக்கலாம். அந்தக் கட்டடத்தை முதலில் பார்த்தபோது நான் அரண்மனை என்றே நினைத்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால், நிஜமாகவே லாயம்தான்! பாரிஸுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஷான்டிலி என்ற ஊரில் இருக்கிறது. (பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஷாந்தியி'. நாம் எழுத்தில் இருக்கிறபடியே சொல்லிக்கொள்வோம்.)

கட்டியவர் லூயி ஆன்ரி, பூர்போன் டியூக், கோந்தே வம்சத்தின் ஏழாவது இளவரசர். கட்டடக் கலைஞர் ழான் ஓபேர். 1719இல் ஆரம்பித்த வேலை பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. நீளம் 186 மீட்டர், அதாவது எட்டு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். நடுவில் ஒரு பெரிய கவிமாடம். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சுமார் 28 மீட்டர் உயரம். 240 குதிரைகளுக்கு இடம். வேட்டை நாய்களுக்குத் தனி இடம்.

240 குதிரை என்றால் என்ன அர்த்தம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குதிரை நாளொன்றுக்குக் குறைந்தது 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். 20 கிலோ லத்தி போடும். அப்படியானால் தினமும் 7,200 லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், கிட்டத்தட்ட 5 டன் லத்தி வெளியே வர வேண்டும். கவிமாடத்தைப் படம் எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அங்கே அழகான நீர்த்தொட்டி, குதிரைச் சிற்பங்கள் எல்லாம் உண்டு. விடியற்காலையில் மண்வாரியோடு நின்றவனுக்குத்தான் சிலை இல்லை.

இவ்வளவு பெரிய லாயம் எதற்கு? அடுத்த பிறவியில் தான் குதிரையாகப் பிறப்போம் என்று இளவரசர் நம்பினாராம், அதனால் தன் அந்தஸ்துக்கு ஏற்ற வீடு கட்டிக்கொண்டாராம். சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லும் கதை இது. நமக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுபிறவி நம்மூர்ச் சரக்கு ஆயிற்றே. ஆனால் நான் நம்பவில்லை. கத்தோலிக்க இளவரசரின் மறுபிறவியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. அவர் கையில் பணம் வந்த வருடத்தைப் பார்த்தாலே போதும்.

1719. பிரான்சில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் காகிதப் பண மோகம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடம். மிசிசிப்பி வியாபாரத்துக்காக அவர் தொடங்கிய கம்பெனி, அதே வருடம் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் விழுங்கி 'இந்தியக் கம்பெனி' ஆனது. 500 லிவ்ர் பங்கு, வருடக் கடைசியில் சுமார் 10,000 லிவ்ருக்குப் போனது. டியூக் அதில் பெரும் லாபம் பார்த்தார், விலை சரிவதற்குள் பணமாக்கியும் கொண்டார். 1720இல் எல்லாம் சரிந்தது. கடைசியில் பங்கு வாங்கிய சாதாரண ஜனங்கள் கையில் காகிதம்தான் மிஞ்சியது.

அந்தக் கம்பெனிதான் நம்ம புதுச்சேரியை ஆண்டது. பின்னாளில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததும் அதே கம்பெனிக்குத்தான். உடனே 'புதுச்சேரிப் பணத்தில் கட்டிய லாயம்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். டியூக்குக்கு வந்தது வியாபாரத்தில் வந்த பணம் இல்லை, பங்கு விலையில் வந்த பணம்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 1723 முதல் 1726 வரை இவர்தான் பிரான்சின் முதன்மை அமைச்சர். 1725இல் விளைச்சல் மோசம், ரொட்டி விலை ஏறி பாரிஸில் கலகம். டியூக்கும் அவருடைய காதலி மதாம் து ப்ரீயும் தானியத்தில் லாபம் பார்க்கிறார்கள் என்று ஊரே பேசியது. அது உண்மையோ வதந்தியோ, பஞ்ச வருடத்திலும் லாய வேலை தொடரத்தான் செய்தது. மறுவருடம் ராஜா பதினைந்தாம் லூயி அவரைப் பதவியிலிருந்து நீக்கி ஷான்டிலிக்கே அனுப்பிவிட்டார். வேட்டையாடிக்கொண்டு, பீங்கான் பட்டறை வைத்துக்கொண்டு, 1740இல் இறந்தார்.

1782இல் ரஷ்ய இளவரசர் பால் வந்தபோது கவிமாடத்தின் கீழே விருந்து நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் திரைகளை விலக்கினார்களாம். தாம் உட்கார்ந்திருப்பது லாயம் என்று அப்போதுதான் விருந்தாளிக்குத் தெரிந்ததாம். கதைதான். ஆனாலும் எனக்கு உடனே அந்த 5 டன் கணக்கு ஞாபகம் வந்தது. எப்படித்தான் வாசனையை மறைத்தார்கள்?

ஏழே வருடத்தில் புரட்சி. பாஸ்டில் விழுந்த மூன்றாம் நாள் கோந்தே இளவரசர் நாட்டை விட்டு ஓடினார். பிறகு பெரிய அரண்மனையை இடித்துக் கல்லை விற்றார்கள். லாயத்தைத் தொடவில்லை. பட்டாளத்துக்குக் குதிரை கட்ட இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். இன்று அங்கே நாம் பார்க்கும் பெரிய அரண்மனை 1875க்குப் பிறகு ஓமால் டியூக் கட்டியது. லாயத்தைவிட 140 வருடம் இளையது!

1834இல் லாயத்துக்கு எதிரிலேயே குதிரைப் பந்தயம் தொடங்கியது. இன்றும் ஓடுகிறார்கள். 1982இல் உள்ளே குதிரை அருங்காட்சியகம் வந்தது. கவிமாடத்தின் கீழே இப்போது குதிரைகள் வித்தை காட்டுகின்றன, டிக்கெட் உண்டு. போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் சேன் தெனி வாசலையும் பாருங்கள். இந்தப் பக்கமும் கட்டடத்தை நீட்ட நினைத்து ஆரம்பித்தது. டியூக் இறந்ததும் கொத்தனார்கள் இறங்கிப் போய்விட்டார்கள், வேலை அப்படியே நிற்கிறது.