தோட்டக் குளங்களில் கொத்துக் கொத்தாக மடியும் தவளைகள்: காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் பருவகாலம்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் அமைக்கப்பட்டுள்ள சிறு குளங்களில் தவளைகள் திடீரெனக் கூட்டமாக இறந்து கிடப்பது பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. கிராமப்புறக் குளங்கள் பெருமளவில் தூர்க்கப்பட்டுவிட்ட அந்நாட்டில், தவளைகளுக்கு இத்தோட்டக் குளங்களே முக்கியப் புகலிடமாக உள்ளன. இதனால் இந்த இறப்புகள் வன உயிரின ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளன.

காரணம் தெரியாத இறப்பாக முதலில் தோன்றினாலும், அது நிகழும் பருவகாலத்தையும் உடல்களில் காணப்படும் அறிகுறிகளையும் கொண்டு காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்க முடியும்.

குளிர்காலத்தில் மூச்சுத்திணறல்

தவளைகளில் சில, குறிப்பாக ஆண் தவளைகள், குளிர்காலத்தைக் குளத்தின் அடிச்சேற்றில் கழிக்கின்றன. அப்போது அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தோல் வழியாகவே பெறுகின்றன. குளத்தின் மேற்பரப்பு பல நாட்கள் உறைந்து, அதன்மீது பனி படிந்தால் சூரிய ஒளி உள்ளே செல்வது தடைபடும். நீர்த்தாவரங்கள் ஆக்சிஜனை வெளியிடுவது குறையும். அடியில் அழுகும் இலைகள் எஞ்சிய ஆக்சிஜனையும் தீர்த்து, நச்சு வாயுக்களை வெளியிடும்.

இவ்வாறு இறந்த தவளைகள் பனி உருகிய பின்னரே மேலே மிதக்கும். இதனால் ஒரே நாளில் அனைத்தும் இறந்தது போன்ற தோற்றம் ஏற்படும். இது தொற்றுநோய் அன்று. நிலத்தில் குளிர்காலத்தைக் கழித்த தவளைகள் உயிர் பிழைப்பதால் எண்ணிக்கை மீண்டும் உயர வாய்ப்புள்ளது.

வசந்த காலத்தில் இனப்பெருக்கத்தின்போது சில தவளைகள் சோர்வினாலோ, பல ஆண் தவளைகள் ஒரே பெண் தவளையைப் பற்றிக்கொள்வதால் நீரில் மூழ்கியோ இறப்பதும் இயல்பே.

கோடைகாலத்தில் ரனாவைரஸ்

கோடையில் வளர்ந்த தவளைகள் கூட்டமாக இறந்தால், ரனாவைரஸ் தொற்றே முதலில் சந்தேகிக்கப்படுகிறது. தோல் சிவத்தல், புண்கள், உள் இரத்தக்கசிவு, சோர்வு, உடல் மெலிவு, விரல்கள் உதிர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். எனினும் வெளிப்புற அறிகுறி ஏதுமின்றியும் தவளைகள் இறக்கக்கூடும் என்பதால் ஆய்வகப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும்.

தென்கிழக்கு இங்கிலாந்தில் 1980-களிலிருந்து இத்தகைய இறப்புகள் கவனிக்கப்பட்டன. ஃபிராக்லைஃப் அமைப்பு 1992-ல் பொதுமக்களிடமிருந்து தகவல் திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாறு கிடைத்த விவரங்களைக் கொண்டு 2010-ல் வெளியான ஆய்வு, தொற்று மீண்டும் மீண்டும் தாக்கிய குளங்களில் சுமார் 12 ஆண்டுகளில் தவளைகளின் எண்ணிக்கை இடைநிலை அளவில் 81 சதவீதம் சரிந்ததாகத் தெரிவித்தது. நோய் தாக்காத குளங்களில் அத்தகைய சரிவு காணப்படவில்லை.

பகல்நேர வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது நோயின் கடுமை அதிகரிப்பதாக 2019-ல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. புவி வெப்பமயமாதலால் நோய்ப் பரவல் காலம் நீளக்கூடும் எனவும் அது எச்சரித்தது.

உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை மற்றோர் அச்சுறுத்தலாகும். இது 90 இனங்கள் அழிந்ததற்குக் காரணமாகக் கருதப்படுவதாக 2019-ல் வெளியான சர்வதேச ஆய்வு குறிப்பிட்டது. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இப்பூஞ்சை கண்டறியப்பட்டுள்ளது.

நல்லெண்ணமே நோயைப் பரப்பும்

தவளைகள் அழிந்துவிட்ட குளத்தை நிரப்ப, அண்டை வீட்டுக் குளத்திலிருந்து முட்டைத் திரளையோ தலைப்பிரட்டைகளையோ கொண்டுவந்து விடுவது பலரின் வழக்கம். அவ்வாறு எடுத்துச் செல்லும் உயிரினங்கள், நீர், தாவரங்கள் ஆகியவற்றுடன் நோய்க்கிருமியும் இடம்பெயரும் அபாயம் உள்ளது. ஏற்ற சூழல் இருந்தால் தவளைகள் தாமாகவே குளத்தைத் தேடி வரும் என்பதால் காத்திருப்பதே பாதுகாப்பானது.

வீட்டு உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை:

* இறந்த தவளைகளைக் கையுறை அணிந்து அகற்ற வேண்டும். ரனாவைரஸ் மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை. எனினும் தூய்மை அவசியம்.

* ஒரு குளத்தில் பயன்படுத்திய வலை, வாளி போன்றவற்றைக் கிருமிநீக்கம் செய்து நன்கு உலர்த்தாமல் வேறு குளத்தில் பயன்படுத்தக் கூடாது.

* இலையுதிர் காலத்தில் குளத்தில் விழும் இலைகளை அகற்ற வேண்டும். உறைந்த பரப்பின் மீது படியும் பனியைத் துடைத்தால் ஒளி உள்ளே செல்லும்.

* குளத்தின் அருகே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பயன்பாட்டைத் தவிர்க்க வேண்டும்.

* இறப்பு நிகழ்ந்த தேதி, எண்ணிக்கை, அறிகுறிகள் ஆகியவற்றைப் புகைப்படத்துடன் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

லண்டன் விலங்கியல் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து 2013-ல் தொடங்கிய தோட்ட வன உயிரின நலத் திட்டம் இத்தகவல்களைப் பெற்று வருகிறது. ரனாவைரஸ் ஏற்படுத்திய சரிவு வெளிச்சத்துக்கு வந்ததும், பொதுமக்கள் தங்கள் குளங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அனுப்பிய இத்தகைய குறிப்புகளால்தான்.