களிமண்ணில் ஒரு செங்கோணம்

இலக்கியத் தொடரில் முக்கோணிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு செய்யுளை நம்பி நான் ஏமாந்த கதை இது. அந்த வகையில் இதற்கும் இலக்கியத்திற்கும் உறவுண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் இலக்கியக் கூட்டத்தில் தமிழரின் கணித அறிவு பற்றிப் பேசினேன். செங்கோண முக்கோணியொன்றின் செம்பக்கத்தில் அமையும் சதுரம், மற்றைய இரு பக்கங்களிலும் அமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருக்கிறோம். பைதகரசின் தேற்றம் என்று அதற்குப் பெயர். அன்று நான் எடுத்துச் சொன்னது, போதாயனர் பெயரில் நம்மிடையே உலவும் ஒரு தமிழ்ச் செய்யுளை. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மீதியோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்ட வேண்டும். வருவதே செம்பக்கம் என்பது அதன் பொருள். பக்கங்கள் 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. "பைதகரசுக்கு வர்க்கமூலம் வேண்டியிருந்தது; நம்மவருக்கோ அது வேண்டியிருக்கவில்லை" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

கூட்டம் கலைந்தபின் பெரியவர் ஒருவர் கிட்ட வந்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, நல்லாப் பேசினீர். நாற்பதுக்கும் ஒன்பதுக்கும் ஒருக்காப் போட்டுப் பாரும்" என்றார்.

அங்கேயே போட்டுப் பார்த்தேன். நாற்பதில் எட்டிலொன்று போக முப்பத்தைந்து. ஒன்பதில் பாதி நாலரை. மொத்தம் முப்பத்தொன்பதரை. சரியான விடை 41.

"செம்பக்கம் எண்டால் மூண்டிலும் நீளமானது. உம்முடைய செம்பக்கம் பக்கத்திலும் பார்க்கக் கட்டையாய்ப் போச்சுது. இதை வைச்சுக் காணி அளந்தால் வேலிச் சண்டைதான் வரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சபையையே நம்பவைத்த பிழை அது. 4க்கும் 3க்கும் பொருந்தியதைக் கண்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட்டேன். அதன்பின்தான் இந்த உறவின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னைக் கிரேக்கத்திற்கோ இந்தியாவிற்கோ முதலிற் கொண்டு செல்லவில்லை. இன்றைய ஈராக்கின் களிமண்ணுக்கே கொண்டு சென்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான களிமண் வில்லை ஒன்று இருக்கிறது. வை.பி.சி. 7289 என்பது அதன் இலக்கம். கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்டது. ஒரு சதுரமும் அதன் இரண்டு மூலைவிட்டங்களும் அதிற் கீறப்பட்டுள்ளன. பக்கத்தில் 30 என்று ஆப்பெழுத்தில் எழுதியிருக்கிறது. மூலைவிட்டத்தில் இரண்டு எண்கள்: ஒன்று 1, 24, 51, 10, மற்றது 42, 25, 35. பபிலோனியர் அறுபது அறுபதாக எண்ணியவர்கள். முதலாவது எண்ணை நமது தசமத்தில் எழுதினால் 1.414213 என்று வரும். அதுவே இரண்டின் வர்க்கமூலம். அதனை முப்பதாற் பெருக்கிக் கிடைத்த மூலைவிட்டமே இரண்டாவது எண். பக்கம் ஒரு கிலோமீற்றர் நீளமான சதுரமொன்றை இந்த எண்ணைக் கொண்டு அளந்தால், மூலைவிட்டத்தில் வரும் பிழை ஒரு மில்லிமீற்றரும் இல்லை.

இந்த வில்லையை எழுதியவர் பேரறிஞர் அல்லர். எழுத்துப் பயிலும் மாணவர் ஒருவரின் பயிற்சியாக இது இருக்கலாம் என்பதே ஆய்வாளர் கருத்து. குறித்த எண் முன்னரே பட்டியல்களில் இருந்தது. மாணவர் அதை எடுத்துப் பெருக்கியிருக்கிறார். பைதகரசு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இந்த அறிவு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது.

அதே காலத்துக் கணக்கொன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துப் பலகையொன்றில் உண்டு. 30 அலகு நீளமான கம்பம் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. மேல்முனை 6 அலகு கீழே சறுக்குகிறது. அடி எவ்வளவு விலகும்? விடை 18. இன்றைய பாடப்புத்தகத்தில் இக்கம்பம் ஏணியாக மாறியிருக்கிறது, வேறு மாற்றமில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்திலுள்ள பிளிம்டன் 322 என்ற பலகையில், செங்கோண முக்கோணிகளுக்குரிய எண்கள் பதினைந்து வரிசைகளில் உள்ளன. ஒரு வரிசையிற் குறுகிய பக்கம் 12709, செம்பக்கம் 18541. இவற்றுக்குரிய மூன்றாவது பக்கம் 13500. தட்டித் தடவிப் பார்த்து இப்படியான எண்களைப் பிடிக்க முடியாது. அவற்றை ஆக்குவதற்கு ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் மாணவருக்குக் கணக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த பட்டியல் இது என எலினோர் றொப்சன் என்ற வரலாற்றறிஞர் வாதிட்டிருக்கிறார். மாற்றுக் கருத்துகளும் உண்டு.

பெரியவரின் வேலிச் சண்டையை எனக்கு நினைவூட்டியது இன்னொரு பலகை. 1894இல் சிப்பார் என்ற பழைய நகரிற் கண்டெடுக்கப்பட்டு, இஸ்தான்புல்லில் இருப்பது. எஸ்.ஐ. 427 என்பது அதன் இலக்கம். அவுஸ்திரேலியக் கணிதவியலாளர் டானியல் மான்ஸ்பீல்ட் 2021இல் அதனை ஆராய்ந்து எழுதினார். பிரித்து விற்கப்பட்ட காணி ஒன்றின் வரைபடம் அது. எல்லைக் கோடுகள் சரியான செங்கோணத்தில் அமைவதற்கு, இந்த உறவுக்குப் பொருந்தும் முழுவெண்களை அளவையாளர் பயன்படுத்தியிருக்கிறார் என்பது அவருடைய முடிவு. யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்ற வழக்கு அன்றும் இருந்திருக்கிறது!

அப்படியானால் பைதகரசு யார்? கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோசுத் தீவிற் பிறந்து, தென் இத்தாலியில் ஒரு குழுவை அமைத்து வாழ்ந்தவர். அவர் எழுதியதாக நம்பத்தக்க நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. தேற்றத்தை அவரோடு இணைப்பவர்கள், அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர்களே. என்றாலும் கிரேக்கரின் பங்கு சிறியதன்று. எத்தனை முக்கோணிகளுக்குப் பொருந்தினாலும் போதாது, எல்லா முக்கோணிகளுக்கும் ஏன் பொருந்தியே தீரவேண்டும் என்று காட்ட வேண்டும் என்றவர்கள் அவர்கள். கி.மு. 300 அளவில் யூக்கிளிட்டு தமது முதலாம் நூலின் 47ஆம் தேற்றமாக அந்த நிறுவலை எழுதிவைத்தார். 4, 3 பொருந்துகிறது, 12, 5 பொருந்துகிறது என்று கண்டு மேடையேறிய எனக்கு அன்று குறைவாயிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

இனி நம்மருகே வருவோம். போதாயனர் பெயருடைய சுல்ப சூத்திரம் வடமொழியில் இருக்கிறது. சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடைகளைக் கயிறு பிடித்து அளப்பதற்கான நூல் அது. நீள்சதுரமொன்றின் குறுக்கே இழுத்த கயிற்றின் மேலமையும் பரப்பு, இரு பக்கங்களின் மேலமையும் பரப்புகளைச் சேர்த்ததற்குச் சமன் என்று அது பிசகின்றிச் சொல்கிறது. இது பைதகரசுக்கு முந்தியது என்று கருதுவோர் பலர். தமிழ்ச் செய்யுள் சொல்லும் முறை இதுவன்று. அதன் மொழிநடையும் பிற்காலத்தது. ஒரு பெயரைக் கண்டு இரண்டையும் ஒன்றாக்கியவர்களில் நானும் ஒருவன்.

அதற்காகச் செய்யுளைத் தூக்கியெறிய வேண்டுமா? வேண்டியதில்லை. வர்க்கமூலம் தெரியாத ஒருவர், பக்கங்களின் நீளம் மிகவும் வேறுபடாத இடத்தில், மனக்கணக்காகவே கிட்டிய விடையைப் பெறுவதற்கு அது உதவும். ஒரு பக்கம் மற்றதன் பாதியாக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு பிழைகூட வராது. கெட்டிக்காரத்தனமான தொழிற் குறிப்பு அது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் பொய்யனாகியிருக்க மாட்டேன். செய்யுளுக்கும் இழுக்கு வந்திருக்காது.

பின்னர் ஒருமுறை அதே பொருள் பற்றிப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அன்றும் அந்தச் செய்யுளைச் சொன்னேன். 4, 3 சொன்னேன். 12, 5 சொன்னேன். பிறகு 40, 9 என்பதையும் சொன்னேன். கைதட்டல் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது.