பேட்டரி காரும் எங்க மாமாவின் ட்ரிப் கணக்கும்

சங்கரன்கோவிலில் டாக்ஸி ஓட்டும் எங்க மாமா போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "மருமவனே, நீ காமர்ஸ் படிக்கிற பையன்தானே? கரண்ட் கார் வாங்கினா கட்டுப்படியாகுமா?" பதில் தேடிப் போனால், அதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது!

1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் எது தெரியுமா? பெட்ரோல் கார் இல்லை, பேட்டரி கார்தான். ஆனாலும் பெட்ரோல் ஜெயித்தது. காரணம் எடை. ஒரு கிலோ ஈய பேட்டரியில் சுமார் 35 வாட்-மணி மின்சாரம்தான் நிற்கும். அதையும் அடிமட்டம் வரை தீர்த்துத் தீர்த்து ஓட்டினால் உள்ளே தகடுகள் சீக்கிரம் கெட்டுப்போகும்.

நம் பக்கத்திலும் முயற்சி நடந்தது. 1993-ல் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார் வந்தது. கோயம்புத்தூரிலும் கேரளாவின் சாலக்குடியிலும் இருந்த எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து செய்தது. ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர். அது நிலைக்கவில்லை. 2001-ல் பெங்களூரில் சேத்தன் மைனியின் 'ரேவா' வந்தது. எட்டு ஈய பேட்டரிகள், மொத்தம் 48 வோல்ட், 80 கிலோமீட்டர், முழு சார்ஜுக்கு 8 மணி நேரம்.

இங்கிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பவே 110 கிலோமீட்டர் ஆகிறது. அதாவது மாமா ரேவா வாங்கியிருந்தால் வரும் வழியில் தள்ளிக்கொண்டுதான் வரணும்! 2012-ல் இருந்த மின்வெட்டில் 8 மணி நேரம் சார்ஜ் போடுவதும் நடக்கிற காரியமா?

நிலைமையை மாற்றியது லித்தியம்-அயான். 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது கேமராவுக்காக. அதே எடையில் மூன்று நான்கு மடங்கு மின்சாரம் பிடிக்கும். இதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் 30.2 யூனிட் பேட்டரி. இதையே ஈயத்தில் செய்தால் பேட்டரி மட்டும் 800 கிலோவைத் தாண்டும்.

சரி, மாமாவின் கணக்கு? அந்தக் காருக்குச் சோதனையில் வந்த தூரம் 312 கிலோமீட்டர். ஏசி போட்டு, ஆள் ஏற்றி ஓட்டினால் குறையும். திருநெல்வேலி ட்ரிப்புக்குத் தாராளம். மதுரை ஏர்போர்ட் போய்வந்தால் 240, அது இழுபறி.

அதைவிட முக்கியம் தேய்மானம். அந்தக் கார் வந்தபோது தந்த பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. தினம் 200 கிலோமீட்டர் ஓட்டினால் 800 நாளில் அது முடிந்துவிடும்! வாடகை வண்டிக்கு அதே வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கணும். கரண்ட் செலவு மிச்சத்தில் ஒரு பகுதியைப் புது பேட்டரிக்கென்று முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கணும். அப்படி ஒதுக்கியும் கையில் நின்றால் மட்டுமே லாபம்.

இதைச் சொன்னதும் மாமா பழைய ட்ரிப் நோட்டை எடுத்து, மதுரைப் பயணங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?