அச்சில் வார்த்த விமானங்கள்

ஆண்டு விழாவையொட்டி நம் சங்கக் கூடத்தில் சிறுவர் சிறுமியரின் கைவேலைப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு, மணிக் கூடைகளுக்கும் பூத்தையல் விரிப்புகளுக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்கும் விமானங்கள் ஐந்தாறு ஒரு மேசைமீது வைக்கப்பெற்றிருந்தன. அவற்றில் தீட்டியிருந்த வண்ணத்தின் நேர்த்தியைக் கண்டு நாம் வியந்து நின்றபோது, அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "கடையில் வாங்கிய துண்டுகளைக் கோந்து தடவி ஒட்டுவதில் கைவேலை என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மேசையின் பின்னால் நின்ற சிறுவனின் முகம் வாடிவிட்டது. விடை கூற அன்று நம்மிடமும் ஒன்றுமில்லை. பின்னர் தேடிப் படித்து அறிந்தவற்றை இங்கே அன்பர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு திருத்தம். இதில் கோந்துக்கு வேலையே இல்லை. பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சினுள் பெரும் அழுத்தத்தில் செலுத்துவர். அது குளிர்ந்து வெளிவரும்போது, நரம்பில் தொங்கும் இலைகளைப் போல உறுப்புகள் அனைத்தும் ஒரு சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாய் வெட்டியெடுத்துப் பிசிறு நீக்கி, இணைக்கும் விளிம்புகளில் ஒரு திரவத்தைத் தடவினால், அது பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். பிழையாகச் சேர்த்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. இரும்பைப் பற்றவைக்கும் வேலைக்கு இது உறவேயன்றி, புத்தகத்துக்கு அட்டை போடும் வேலைக்கு அன்று.

இதன் தொடக்கத்தை 1936-ஆம் ஆண்டில் காணலாம். இங்கிலாந்தில் 'ஃபிராக்' என்னும் பெயரில் பறக்கும் பொம்மை விமானங்களைச் செய்துவந்த நிறுவனம், அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே பிளாஸ்டிக் மாதிரிகளைத் துண்டுகளாகப் பெட்டியிலிட்டு விற்க முற்பட்டது. இவை பறக்கமாட்டா, ஆகவே பறக்காத பறவையாகிய பெங்குவினின் பெயரையே சூட்டினர். ஆங்கிலேயருக்கு இவ்வகைக் குறும்பில் என்றும் குறைவில்லை. அளவு, மெய்ப்பொருளில் 72-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகும் கணக்கு அது. ஏறத்தாழ முப்பதடி நீளமுள்ள ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஐந்தங்குலத்தில் அடங்கிவிடும். ஆனால் அன்று பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் வளைந்து கோணும் இயல்புடையது.

உலகப் போர் வந்ததும் இந்த அளவுக்கு ஒரு கடமை வாய்த்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்கள் நண்பர் விமானத்தையும் பகைவர் விமானத்தையும் நொடியில் வேறுபிரித்தறியப் பழகும்பொருட்டு, ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. 72-இல் ஒரு பங்கான மாதிரியை 35 அடிக்கு அப்பால் வைத்துப் பார்த்தால், மெய்யான விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே தோன்றும்.

இத்துறையில் பெரும்புகழ் பெற்ற ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கதை நம் போன்ற புலம்பெயர்ந்தோர்க்கு நெருக்கமானது. அதனை 1939-இல் இலண்டனில் நிறுவிய நிக்கோலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து குடியேறியவர். முதலில் அவர் செய்தவை காற்றடைத்த ரப்பர்ப் பொம்மைகள். போருக்குப்பின் 1947-இல் பிளாஸ்டிக்கை அச்சினுள் செலுத்தும் இயந்திரத்தை வாங்கியதும் விமானத்துக்காக அன்று, தலைவாரும் சீப்புகளுக்காக! சீப்பு வார்த்த இடத்துக்கு 1949-இல் ஃபெர்கூசன் டிராக்டர் கம்பெனியார் வந்தனர். தங்கள் விற்பனையாளர்கள் கையில் எடுத்துச் சென்று காட்டுவதற்கு ஒரு சிறு டிராக்டர் மாதிரி வேண்டுமென்றனர். அதனைத் தொழிற்சாலையில் பூட்டி முடிப்பது தொல்லையாக இருந்தது. ஆகவே பின்னர் பூட்டாத துண்டுகளாகவே கடைக்கு அனுப்பினர். வாங்குபவரே பூட்டிக்கொள்ளட்டும் என்ற இந்தச் சிக்கனத்திலிருந்து கிளைத்ததே பிற்காலப் பெருந்தொழில். 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' என்னும் பழங்காலப் பாய்மரக் கப்பல் உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு வந்தது. 1953-இல் ஸ்பிட்ஃபயர் வந்தது. அதனைக் கோவ் விரும்பவில்லை என்றும், விற்காவிடில் அச்சுச் செலவை நீங்களே ஏற்கவேண்டும் என்று தம் அலுவலர்களை எச்சரித்தார் என்றும் கூறுவர். அவர் அஞ்சியது வீண்.

கீழ்த்திசையில் இதற்கு இணையானது ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம். 1946-இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது அது. 1948 முதல் மரத்தால் மாதிரிகளையும் செய்துவந்தது. 1951-இல் தீ விபத்தில் மரக்கிடங்கு எரிந்துபோக, ஈராண்டுகளில் மரவாணிபத்தைக் கைவிட்டு மாதிரிகளையே நம்பியது. 1960-இல் வெளியிட்ட முதற் பிளாஸ்டிக் மாதிரியான 'யமாட்டோ' போர்க்கப்பல், வேறொரு கம்பெனியின் மலிவான யமாட்டோவின்முன் தோற்றது. அடுத்து மோட்டாரால் ஓடும் 'பாந்தர்' டாங்கியைச் செய்தனர். உள்ளே மின்கலங்களும் மோட்டாரும் அடங்கவேண்டுமே என்று உடலின் அளவை அமைத்தனர். பின்னர் கணக்கிட்டுப் பார்க்கையில் அது 35-இல் ஒரு பங்காக இருந்தது. இன்று உலகெங்கும் டாங்கி மாதிரிகளுக்கு வழங்கும் அளவு இதுவே. மின்கலத்தின் பருமன் உலகுக்கு ஓர் அளவுகோலைத் தந்தது என்றால் யார் நம்புவர்! அதே நிறுவனம் பின்னாளில் போர்ஷே கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்த பிறகே அதன் மாதிரியைச் செய்தது.

போர்க்கருவிகளைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா என்று தாய்மார் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான், நமக்கும் அதில் ஐயம் உண்டு. ஒன்று மட்டும் சொல்வோம். ஒட்டுவது ஒரு மாலைப்பொழுது வேலை. வண்ணம் தீட்டுவதோ பல வாரங்களை விழுங்கும். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, பாலைவனத்தில் பறந்ததா கடல்மேல் பறந்ததா, வயிற்றுப் பகுதி நீலமா சாம்பலா என்று தெரியாமல் தூரிகையைத் தொட முடியாது. ஹல் நகரில் 1919-இல் எண்ணெய்க் கம்பெனியாகத் தோன்றிய ஹம்பிரால் நிறுவனத்தின் சின்னஞ்சிறு வண்ண டப்பாக்கள், இவ்வகையில் எத்தனையோ சிறுவர்களை நூல்நிலையத்துக்கு அனுப்பியிருக்கின்றன.

கம்பெனிகள் மறைந்தாலும் எஃகு அச்சுகள் மறைவதில்லை என்பதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி. 1970-களில் ஃபிராக் நொடிந்தபோது அதன் அச்சுகளிற் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குச் சென்று 'நோவோ' என்ற பெயரில் மறுவாழ்வு பெற்றது. ஜெர்மனி, ஜப்பான் முதலிய பழம்பகைவரின் விமானங்களுக்குரிய அச்சுகளைச் சோவியத்தார் ஏற்கவில்லை. அவை ரெவெல் நிறுவனத்திடம் போயின. இரும்புக்குக்கூடக் கட்சி உண்டு போலும்! 1981-இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்துக் கைமாறியது. 1986-இல் மீண்டும் கைமாறியது. 2006-இல் ஹார்ன்பி நிறுவனத்தார் வாங்கியபோது அச்சுகள் பிரான்சு நாட்டுத் தொழிற்சாலையொன்றில் கிடந்தன. அதன்பின் சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி பெரும்பாலும் நம் நாட்டுக்கே வந்தது. ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற வரியை இன்று காணலாம்.

இனி அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். அவன் வைத்திருந்தவற்றுள் ஒன்று 'நாட்' விமானம். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டதும், 1965-ஆம் ஆண்டுப் போரில் பேர் பெற்றதும் அதுவே. ஆனால் ஏர்ஃபிக்ஸ் 72-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது ஆங்கிலேயரின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நம் விமானப்படையினது ஓர் இருக்கையே உள்ள போர் விமானம். இதனை அறிந்தபின் நாம் அவன் வீட்டுக்குச் சென்று அந்த விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பின்னிருக்கை இருந்த குழி மூடப்பட்டு, கண்ணாடிக் கூண்டு பாதியாக அறுக்கப்பட்டிருந்தது. இறக்கை நுனிகளைத் தேய்த்துச் சற்றே குறைத்திருந்தான். அறுத்த இடம் விரலுக்குத் தென்படவில்லை. பெரியவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அந்த இரம்பத்தைக் காட்டு, தம்பி" என்றார்.