காதர்பேட்டையில் ‘பாலி’

திருப்பூர் காதர்பேட்டையின் மொத்த விற்பனைக் கடைகளில் டி-சர்ட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பவர் கேட்கும் கேள்வி, ‘காட்டனா, பாலியா?’ என்பது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி பாலி காட்டன், சுருக்கமாக பிசி. தைத்து மடித்த பனியனைப் போடும் உறை பாலி கவர். இந்தப் ‘பாலி’ கிரேக்கத்தில் ‘பல’ என்ற பொருளில் ‘பொலுஸ்’ என்று தனியே நின்ற சொல். அறிவியலார் கையில் அது முன்னொட்டாகி இன்னொரு சொல்லோடு ஒட்டினால்தான் பொருள் தரும் என்ற நிலைக்கு வந்தது. பனியன் வியாபாரம் அதைப் பிய்த்தெடுத்து மறுபடியும் தனிச்சொல்லாக்கிவிட்டது. படித்தவர்கள் இதைச் சிதைவு என்பார்கள். ஆனால் இந்தச் சொல்லும் அது சுட்டும் பொருளும் வந்த வழியைப் பார்த்தால், ‘பல’ என்ற மூலப்பொருளைக் கைவிட்டதால் கடைக்காரர் எதையும் இழக்கவில்லை என்றே தோன்றுகிறது.

‘பாலிமர்’ என்ற சொல்லின் மூலவடிவை 1830களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். தனிமங்களின் விகிதம் ஒன்றாகவே இருந்து, அளவு மட்டும் மடங்குகளில் வேறுபடும் சேர்மங்களை அவர் அப்படி அழைத்தார். நீண்ட சங்கிலி என்ற எண்ணம் அதில் இல்லை. சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்து நிற்கும் பெரும் மூலக்கூறு என்பதை 1920இல் முன்வைத்து, பிறகு வாதாடி நிலைநாட்டியவர் ஜெர்மனியின் ஸ்டௌடிங்கர்; அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1953இல்தான் வந்தது. இடையில் 1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இங்கிலாந்தின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் இருந்தபடி பாலியெஸ்டர் இழைக்குக் காப்புரிமை கோரினார்கள். (காலிகோ என்பது கோழிக்கோட்டிலிருந்து போன பருத்தித் துணியின் பெயர். பருத்திக்குப் போட்டியாளன் அந்தப் பெயர்ப்பலகையின் கீழேயே பிறந்தான்!) அந்த இழை நம் ஊருக்கு முதலில் டெரிலின் என்ற வணிகப் பெயரில் அறிமுகமானது, பாலியெஸ்டர் என்ற வேதிப்பெயர் பின்னால்தான் புழக்கத்துக்கு வந்தது. அதில் வேதியியல் தகவலைச் சுமப்பது ‘எஸ்டர்’ என்ற பிற்பாதி. கடை வெட்டி எறிந்தது அதைத்தான். மீந்த ‘பாலி’யை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் பருத்தியும் பாலிதான், குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த செல்லுலோஸ் சங்கிலி அது. ஆகவே ‘காட்டனா, பாலியா?’ என்ற கேள்விக்கு வேதியியல் ஆசிரியர் ‘இரண்டும்’ என்று சொல்லலாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு துணி வாங்க முடியாது. நூலை உருவிக் கொளுத்தினால் காகிதம் கருகிய வாசத்தோடு சாம்பலாவது காட்டன். உருகிச் சுருண்டு கெட்டி மணியாவது பாலி. சாயப்பட்டறையிலும் இந்தப் பிரிவுதான் செல்லும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரிச் சூடு ஏறக்குறையப் போதும். பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயமும் அழுத்தத்தோடு 130 டிகிரியும் வேண்டும்.

மருத்துவம் இந்த முன்னொட்டை ஒழுங்காகக் காத்து வருகிறதா என்றால் அதுவும் இல்லை. சர்க்கரை நோயின் மூன்று அறிகுறிகள் பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிஃபேஜியா. மிகுந்த சிறுநீர், மிகுந்த தாகம், மிகுந்த பசி. இங்கே எண்ணிக்கை இல்லை, அளவு இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். தமிழ் ‘பல’ என்றும் ‘மிகு’ என்றும் பிரித்தே பேசும். 1935இல் ஸ்டைன், லெவென்தால் இருவரும் விவரித்த பாலிசிஸ்டிக் ஓவரி தமிழில் சினைப்பை நீர்க்கட்டி ஆனபோது ‘பல’ முழுவதுமாகவே உதிர்ந்துவிட்டது. அதனால் எந்த நோயாளிக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

‘பல்’ என்ற நல்ல தமிழ் இருக்க ‘பாலி’ எதற்கு, பொலுஸே ‘பல்’லிலிருந்து போனதுதானே என்று ஒரு வாதம் எழும். பாடநூலுக்குப் பலகோணமும் பல்லுறுப்புக் கோவையும் அழகாகவே பொருந்துகின்றன. இலங்கையின் பல்பகுதியமும் அப்படியே. ஆனால் பாலிகிளினிக்கைப் பல்மருத்துவமனை என்று எழுதிப் பாருங்கள், ஈறு வீங்கியவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். உறவு பற்றிய வாதமும் நிற்காது. பொலுஸுக்கு உடன்பிறப்புகள் சமஸ்கிருதப் ‘புரு’வும் ஜெர்மன் ‘ஃபீல்’ என்பதும். அவற்றுக்கிடையே ஒலிகள் முறைப்படி மாறி வருவதைச் சொல்லுக்குச் சொல் காட்ட முடிகிறது. ‘பல்’லுக்கு அப்படிக் காட்ட முடியாது. ஓசை ஒற்றுமை உறவுக்குச் சான்றானால் போலியோவும் இதே குடும்பம் என்று சொல்ல வேண்டிவரும். அது தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியைத் தாக்கும் நோய். ‘பொலியோஸ்’ என்றால் சாம்பல் நிறம். பாலிகிளினிக்கே முதலில் ‘பொலிஸ்’, அதாவது நகரம் என்ற சொல்லில் பிறந்த நகர்ப்புற வெளிநோயாளர் மருத்துவமனை. ‘பல’ என்ற எண்ணம் பின்னால் ஏறிக்கொண்டது. எல்ஐசி பாலிசியோ ‘சான்று’ என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லில் தொடங்கி இத்தாலி வழியே வந்தது. தமிழ்க் காது இவற்றில் போலியோவை மட்டும் ஓகாரத்தில் வைத்தது, மற்றவற்றையெல்லாம் ‘பாலி’யில் தள்ளிவிட்டது.

முன்னொட்டு மட்டும் தனியே நிற்பது முறையா என்பவர்கள் திருப்பூரில் பின்னல் துணி எப்படி விற்கிறது என்று பார்க்கலாம். மீட்டரில் இல்லை, கிலோவில். ‘கிலோ’ கிரேக்கத்தில் ஆயிரம். 1956இல் வந்த எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு சேரையும் வீசையையும் ஓரங்கட்டிய அந்தச் சொல்லிலிருந்து ‘கிராம்’ கழன்று எத்தனையோ காலமாகிறது. எடை போடுகிறவர் யாரும் எதில் ஆயிரம் என்று கேட்பதில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டிய ஆட்சேபம் வேறொன்று. பாலி துணியும் பாலி கவரும் ஒரே பொருள் இல்லை. துணி தண்ணீர் பாட்டிலின் இனம். சுமார் 260 டிகிரியில் உருகும். கவர் பாலிஎத்திலீனாகவோ பாலிபுரொப்பிலீனாகவோ இருக்கும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே உருகிவிடும். மறுசுழற்சிக்குப் போகும்போது இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் சரக்கு கெட்டது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தொழில் ‘பல’விடம் திரும்பிப் போகவில்லை. கவர் வாங்குகிறவர் எல்டி, ஹெச்எம், பிபி என்றே கேட்கிறார். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். டாக்டரிடம் அதுவே ரத்த அழுத்தம். எந்த இடத்தில் எதைக் கேட்கிறோம் என்பது கவர்க்கடைக்காரருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.