இரைப்பைக்கு இட்ட பட்டி

வயிற்றைக் கீறித் திறவாமல் அதனுள்ளே பார்த்தல் இயலுமா என்னும் வினாவுக்கு, 1901ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரிற் கூடிய அறிஞர் மகாநாட்டில் விடை கிடைத்தது. ஜேர்மன் வைத்தியரான ஜோர்ஜ் கெல்லிங், நாயொன்றின் வயிற்றறையிற் காற்றை நிரப்பி, சிறு துளை வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி உள்ளுறுப்புகளைக் காட்டினார். ஆயினும், சாவித்துவாரம் போன்ற அத்துளையின் வழியே கூர்ட் செம் குடல்வாலை அகற்றியது 1980இலேதான். எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தது 1985இல். இருவருக்கும் முதலிற் கிடைத்த பரிசு சக வைத்தியரின் ஏளனமே.

அக்காலத்திலேயே, மிதமிஞ்சிய உடற்பருமனுக்கு வேறொரு வழி தேடப்பட்டது. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு பட்டியை இட்டால், சிறிது உண்டதும் பசி அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் லூபோமிர் குஸ்மாக், உட்புறத்தே ஊதற்பை பொருந்திய சிலிக்கோன் பட்டியை 1986இற் பயன்படுத்தினார். தோலின் கீழ் வைத்த சிறு கிண்ணத்தில் ஊசியால் உப்பு நீரை ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் நெகிழும். எளிய யுக்திதான், ஆனால் அதனை அணிவிக்க வயிற்றைப் பெரிதாகக் கீற வேண்டியிருந்தது.

அக்குறையைத் தீர்த்தவர் எதியோப்பியாவில் ஆடுமாடு மேய்த்து வளர்ந்த ஒருவர். மித்திக்கு பெலச்சு என்னும் அவர் பெல்ஜியத்தில் வைத்தியம் பயின்று, 1993 செப்டெம்பரில் ஹுய் என்னும் சிறு நகரில், சில துளைகளின் வழியே அப்பட்டியை ஒரு நோயாளிக்கு அணிவித்தார்.

பட்டி இட்ட இடத்தில் நில்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. உண்மையில் வழுக்குவது பட்டியன்று, இரைப்பையே. கீழ்ப்பகுதி பட்டியினூடே மேலேறி, மேலுள்ள சிறுபை வீங்கும். நோயாளி உண்டதை வாந்தி எடுப்பார். சில வேளை தண்ணீரும் இறங்காது. எக்ஸ் கதிர்ப் படத்தில், இடத் தோளை நோக்கிச் சரிந்திருக்க வேண்டிய பட்டி குறுக்கே கிடக்கும். இரத்தவோட்டம் தடைப்பட்டால் இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கும். அப்போது காத்திருக்க நேரமில்லை.

முதலில் ஊசியால் உப்பு நீரை எடுத்துப் பட்டியை நெகிழ்த்துவர். பின்னர் வயிற்றறையிற் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்பி, துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, பட்டியைச் சூழ்ந்து இறுகிய தழும்பை விலக்கி, மேலேறிய பகுதியைக் கீழே இழுப்பர். பட்டியைச் சீராக அமைத்தலும் உண்டு, அகற்றிவிடுதலும் உண்டு.

முதற்கால முறையிற் பட்டி இரைப்பைச் சுவரை ஒட்டியே சென்றது, பின்புறம் பிடிப்பில்லை. பிற்காலத்தார் சற்று உயரத்தில், கொழுப்பிழையத்தினூடே வழி செய்தனர். முன்சுவரைப் பட்டியின் மேல் மடித்துத் தைத்தனர். வழுக்குதல் வெகுவாகக் குறைந்தது. எனினும் இன்று இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி நீக்கும் முறையே மேலோங்கி நிற்கின்றது. புதிதாகப் பட்டி அணிவோர் மிகச் சிலர். முன்னர் அணிந்தோர் மட்டும் இன்னும் வருகின்றனர். பட்டியை அறுத்து, அதே அளவான சிறு துளையினூடே வெளியே இழுக்கின்றனர்.